யாரால் தரப்பட்டன? பொருள்நோக்கு நிரலில் வழு காணும் முறை



கணினி நிரலில் வழு காண்பது பற்றிப் பேச வந்திருக்கிறேன். மொழி மன்றத்தின் சொற்பொழிவு வரிசையில் இதற்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். 'வழு' என்னும் சொல்லே இலக்கணம் நமக்குத் தந்ததுதான். சொல்லும் தொடரும் அமையும் முறையை வழாநிலை, வழு, வழுவமைதி என்று நம் இலக்கணிகள் பகுத்தனர். திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு ஆகிய ஏழிலும் வழு நேரலாம் என்று நன்னூல் வகுக்கிறது. கணினித் தமிழ் வளர்ந்தபோது, நிரலில் உள்ள குறைக்கும் அதே சொல்லை எடுத்துக்கொண்டோம். சொல்லை எடுத்துக்கொண்ட நாம், அதனோடு வந்த வாசிப்புப் பயிற்சியையும் எடுத்துக்கொண்டோமா என்பதே என் ஐயம். நிரலில் வழு காண்பது பெரும்பாலும் வாசிப்பு வேலை. அதில் மொழியாசிரியருக்கும் பங்கு உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எடுத்துக்காட்டுகளை ஜாங்கோ என்னும் திறந்தமூல வலைச் சட்டகத்திலிருந்து எடுக்கிறேன். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில், லாரன்ஸ் என்னும் ஊரின் நாளிதழ் அலுவலகத்தில், 2003ஆம் ஆண்டு ஏட்ரியன் ஹோலோவாட்டி, சைமன் வில்லிசன் என்னும் இரு நிரலர்கள் அதனைத் தொடங்கினர். 2005 ஜூலையில் அது பொதுப் பயனுக்கு வெளியிடப்பட்டது. கித்தார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. செய்தி அலுவலகத்தில் ஒரு வலைப்பக்கத்துக்குப் பல நேரங்களில் சில மணி நேரமே தவணை கிடைக்கும். ஆகவே, திரும்பத் திரும்பச் செய்யவேண்டிய வேலைகளைச் சட்டகமே ஏற்றுக்கொள்கிறது. நாம் நம் பங்கை மட்டும் எழுதி அதனிடம் ஒப்படைக்கிறோம். உரிய நேரத்தில் அது நம் நிரலை அழைக்கிறது. ஒரு நிரல் நூலகத்தைப் பயன்படுத்தும்போது அழைப்பவர் நாம். சட்டகத்தைப் பயன்படுத்தும்போது அழைக்கப்படுபவர் நாம். இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கலைச்சொற்கள் பற்றி ஓரிரு சொற்கள். 'கிளாஸ்' என்பதை வகுப்பு என்றால், நம் ஆசிரியர்களுக்கு நான்கு சுவர்களும் முப்பது மாணவர்களுமே நினைவுக்கு வருவர். எனவே தமிழ்நாட்டுப் பாடநூல்கள் வழங்கும் 'இனக்குழு' என்னும் சொல்லையே கொள்கிறேன். இனக்குழு என்பது வார்ப்பு அச்சு. அதிலிருந்து வார்க்கப்படுவது பொருள். பொருள் என்றால் தமிழில் அர்த்தமும்தான். அந்த இரட்டைப் பொருள் எனக்குப் பிடித்தமானது, ஆயினும் இன்று அதற்குள் போகவில்லை. ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டு செயற்கூறு. அதனிடம் நாம் ஒப்படைக்கும் மதிப்பு செயலுருபு. இவ்வளவு போதும்.

முதல் வழுவைப் பார்ப்போம். ஜாங்கோ கற்கத் தொடங்குவோரில் மிகப் பலர் இதனைச் சந்தித்திருப்பர். ஒரு பக்கத்தைக் காட்டுவதற்கு மாணவர் ஓர் இனக்குழு எழுதுகிறார். எந்த முகவரிக்கு எந்த இனக்குழு என்று முகவரிப் பட்டியலில் குறிக்கவேண்டும். அங்கே இனக்குழுவின் பெயர், புள்ளி, 'ஆஸ்-வியூ' என்னும் செயற்கூற்றின் பெயர், அதன்பின் வெறும் அடைப்புக்குறி இரண்டு வரவேண்டும். அடைப்புக்குறிகளை விட்டுவிடுகிறார். சேவையகம் எந்தக் குறையும் சொல்லாமல் தொடங்குகிறது. பக்கத்தைக் கேட்டவுடன் திரையில் ஒரு பிழைச்செய்தி. ஆங்கிலத்தில் உள்ள அதனைத் தமிழாக்கினால் இப்படி வரும்: ஆஸ்-வியூ இடம்சார் செயலுருபு ஒன்றையே ஏற்கும், ஆனால் இரண்டு தரப்பட்டன.

மாணவர் திகைக்கிறார். நான் ஒன்றுமே தரவில்லையே, இரண்டு எப்படி வந்தன? அடுத்த அரைமணி நேரம் அவர் செய்வதை ஆசிரியர்கள் அறிவீர்கள். தம் செயற்கூறுகளில் ஒரு செயலுருபைக் கூட்டுவார், குறைப்பார், பெயரை மாற்றுவார். எதுவும் பயன் தராது. கடைசியில் சட்டகத்திலேயே குறை என்று முடிவு கட்டுவார்.

மொழியாசிரியர் இங்கே உதவலாம். 'தரப்பட்டன' என்பது செயப்பாட்டுவினை. செயப்பாட்டுவினைத் தொடரில் செய்தவர் 'ஆல்' உருபேற்று நிற்பார். அல்லது தொடரிலேயே இல்லாமல் மறைந்துபோவார். இந்தச் செய்தியில் செய்தவர் மறைந்துவிட்டார். கேட்கவேண்டிய கேள்வி 'எத்தனை?' அன்று, 'யாரால்?' என்பதே. எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தால் வழி பிறக்காது. உருபைத் தேடினால் வழி உடனே தெரியும்.

விடை பிழைச்செய்திக்கு மேலே இருக்கும் அழைப்புத் தடத்தில் கிடைக்கிறது. யார் யாரை அழைத்தார் என்று பைத்தான் மொழி வரிசைப்படுத்தித் தரும் பட்டியல் அது. கடைசி அழைப்பு அடியில் இருக்கும். ஆகவே கீழிருந்து மேலாகப் படிக்கவேண்டும். இந்த வழுவில் அத்தடத்தைப் படித்தால் ஒரு விந்தை தென்படும்: மாணவர் எழுதிய கோப்பில் ஒரு வரிகூட அதில் இராது. எல்லாம் ஜாங்கோவின் கோப்புகள். இறுதியில், பயனர் அனுப்பிய கோரிக்கையை ஏதோ ஒன்றிடம் சட்டகம் ஒப்படைக்கும் வரி மட்டும் நிற்கும். அதுதான் 'சட்டகத்தால்'. ஒன்று தெரிந்துவிட்டது. மற்றொன்று? ஆஸ்-வியூ என்பது இனக்குழுவைச் சார்ந்த செயற்கூறு. அதனை அழைக்கும்போதெல்லாம் பைத்தான் அந்த இனக்குழுவையே முதல் செயலுருபாகச் சொல்லாமல் சேர்த்துவிடும். பைத்தானால் ஒன்று, சட்டகத்தால் ஒன்று, ஆக இரண்டு. கணக்கு சரியாகிவிட்டது.

அடைப்புக்குறி இட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்? முகவரிப் பட்டியல் ஏற்றப்படும்போதே ஆஸ்-வியூ ஒருமுறை ஓடி, வேறொரு செயற்கூற்றை உருவாக்கிக் கொடுத்திருக்கும். ஒவ்வொரு கோரிக்கை வரும்போதும் சட்டகம் அந்தச் செயற்கூற்றையே அழைக்கும். அது ஒவ்வொரு முறையும் புதிய பொருள் ஒன்றை வார்த்து வேலையை ஒப்படைக்கும். அடைப்புக்குறி இல்லாததால் செயற்கூற்றை உருவாக்கித் தரவேண்டிய தச்சரையே சட்டகம் நாற்காலி என்று நினைத்து உட்கார்ந்துவிட்டது.

மாணவரின் வரி ஏன் தடத்தில் இல்லை என்பதையும் சொல்லவேண்டும். தவறு செய்த வரி சேவையகம் தொடங்கும்போதே ஓடி முடிந்து விலகிவிட்டது. அழைப்புத் தடம் என்பது அந்த நொடியில் வேலையில் இருப்பவர்களின் வருகைப்பதிவேடு. காலையிலேயே வந்து வித்திட்டுப் போனவரின் கையெழுத்து அதில் இராது. பொருள்நோக்கு நிரலில் வழு தேடுவோர் முதலில் கற்கவேண்டியது இதுதான் என்பேன்: வழு தெரியும் இடமும் வழு பிறந்த இடமும் பெரும்பாலும் வேறு வேறு.

இதற்கு நேரெதிரான ஒரு வழுவும் உண்டு. அதனை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். தரவுத்தளத்தில் ஒரு பதிவு சேரும் நேரத்தைத் தானாகக் குறிக்க, 'இப்போது' என்று நேரம் சொல்லும் செயற்கூற்றின் பெயரை இயல்பு மதிப்பாகத் தரவேண்டும். இங்கே அடைப்புக்குறி கூடாது. இட்டுவிட்டால், சேவையகம் தொடங்கிய நேரத்திலேயே அச்செயற்கூறு ஒருமுறை ஓடி, அந்த நேரம் உறைந்துவிடும். மறுநாள் சேரும் பதிவும் அதே நேரத்தையே காட்டும். நன்னூலார் சொன்ன கால வழுவின் நெருங்கிய உறவு என்று இதனைச் சொல்லத் தோன்றுகிறது. ஜாங்கோவின் தற்சோதனை இதனைக் கண்டால் எச்சரிக்கும். தரவுத்தள அமைப்பு மாற்றங்களைப் பதிவு செய்யச் சொல்லும்போதெல்லாம், எதையும் மாற்றாவிட்டாலும், புதிய மாற்றம் ஒன்று இருப்பதாகவும் அது சொல்லிக்கொண்டே இருக்கும். எச்சரிக்கையை வாசிக்காதவர்களுக்குத்தான் இந்த வழு நிலைக்கிறது.

இப்போது நான் அஞ்சும் இடத்துக்கு வருகிறேன். முதல் வழுவின் செய்தியைப் படியெடுத்து உரையாடும் செயலி ஒன்றிடம் ஒட்டினால், 'அடைப்புக்குறி இடுக' என்று நொடியில் விடை வரும். விடை சரியானதே. மாணவர் அடைப்புக்குறி இடுவார், பக்கம் வரும், அனைவரும் மகிழ்வர். அவர் 'யாரால்?' என்று கேட்கவில்லை. கேட்கவேண்டிய தேவையும் எழவில்லை. ஆனால் ஒட்டுவதற்குச் செய்தியே இல்லாத வழுக்கள் இருக்கின்றன. நிரல் ஓடும், பக்கம் வரும், எந்தச் சிவப்பெழுத்தும் தோன்றாது. பிறருக்குத் தீங்கு செய்வன பெரும்பாலும் இவைதான்.

ஒரு பள்ளியின் மதிப்பெண் பக்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மாணவர் ஒருவர் தம் கடவுச்சொல்லைத் தந்து நுழைந்தால் தம் ஐந்து பாடங்களின் மதிப்பெண்களைப் பார்க்கலாம். நிரலர் அந்தப் பக்கத்துக்கான இனக்குழுவின் தலைப்பிலேயே 'மதிப்பெண்கள்' என்று ஒரு வெற்றுப் பட்டியலை வைக்கிறார். (பைத்தான் 3 தமிழ்ப் பெயர்களை ஏற்கும்; வகுப்பறையில் செய்து பாருங்கள், பிள்ளைகளின் முகம் மலரும்.) கோரிக்கை வரும்போது தரவுத்தளத்திலிருந்து மதிப்பெண்களை ஒவ்வொன்றாக எடுத்து அப்பட்டியலில் சேர்க்கிறார். நிரலர் சோதித்துப் பார்க்கிறார். ஐந்து வரிகள், எல்லாம் சரி. பள்ளி திறக்கிறது. முதல் மாணவி ஐந்து வரிகளைக் காண்கிறாள். அடுத்து நுழைந்த மாணவன் பத்து வரிகளைக் காண்கிறான். முதல் ஐந்தும் அவளுடையவை.

ஒவ்வொரு கோரிக்கைக்கும் புதிய பொருள் வார்க்கப்படுகிறது என்று சற்று முன் சொன்னேன். பிறகு எப்படி ஒருவரின் மதிப்பெண் மற்றவரிடம் போயிற்று? வகுப்பறையிலிருந்தே விளக்கலாம். ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு குறிப்பேடு உண்டு. அறைக்கு ஒரு வெண்பலகை உண்டு. பொருள் தனக்கென வைத்திருப்பது குறிப்பேடு. இனக்குழுவின் தலைப்பில் எழுதப்படுவது வெண்பலகை. பட்டியல் வெண்பலகையில் இருக்கிறது. மாணவர்கள் புதிதாக வந்தாலும் பலகை பழையதுதான்.

இதில் பைத்தானின் நுணுக்கம் ஒன்று பலரை ஏமாற்றுகிறது. பொருளிடம் ஒரு பண்பைப் படிக்கக் கேட்டால், பொதுவாக அது தன் குறிப்பேட்டில் தேடும். இல்லையெனில் இனக்குழுவின் பலகையில் தேடும். அங்கும் இல்லையெனில் முன்னோரின் பலகைகளில் தேடும். ஒரு பண்புக்குப் புதிய மதிப்பை இடச் சொன்னாலோ, அதனைத் தன் குறிப்பேட்டில்தான் எழுதும். ஆகவே 'மதிப்பெண்கள்' என்னும் பெயருக்குப் புதிய பட்டியல் ஒன்றை இட்டிருந்தால் தீங்கில்லை. 'சேர்' என்றபோது நடந்தது வேறு: முதலில் பெயரைப் படித்தது, குறிப்பேட்டில் காணவில்லை, பலகைக்குப் போனது, அங்கிருந்த பட்டியலிலேயே சேர்த்துவிட்டது. இடுவதும் சேர்ப்பதும் நம் பேச்சில் ஏறத்தாழ ஒன்றுதான். நிரலில் உரிமையாளரே மாறிவிடுகிறார்.

இந்த வழு ஏன் எளிதில் அகப்படுவதில்லை? நிரலர் தம் கணினியில் பயன்படுத்தும் சோதனைச் சேவையகம், கோப்பைச் சேமித்தவுடன் தானாக மறுதொடக்கம் ஆகும். பலகை துடைக்கப்பட்டுவிடும். ஏதோ ஒரு வரியை மாற்றிச் சேமிக்கிறார்; வழு மறைகிறது; அந்த வரியால்தான் சரியாயிற்று என்று நம்புகிறார். இதைவிடக் கெட்ட ஆசான் வேறில்லை. பொதுப் பயன்பாட்டில் நிலைமை இன்னும் குழப்பமானது. அங்கே ஒரே நிரல் பல செயல்முறைகளாக ஓடும். ஒவ்வொன்றுக்கும் தனிப் பலகை. முதல் மாணவியின் கோரிக்கை ஒன்றுக்கும் அடுத்தவனின் கோரிக்கை வேறொன்றுக்கும் போனால் ஒன்றும் தெரியாது. இரண்டும் ஒன்றிடமே போனால் தெரியும். 'சில நேரம் வருகிறது, சில நேரம் வருவதில்லை' என்று பயனர் சொல்வார். நிரலர் பயனரின் இணைய இணைப்பைக் குறை சொல்வார். எப்போதாவது மட்டும் தோன்றும் வழுவைக் கேட்டால், பகிரப்படும் பலகை எங்கே என்று தேடுவது என் வழக்கம்.

தானியங்கிச் சோதனையும் இங்கே முழுக் காவல் அன்று. ஜாங்கோவின் சோதனை வசதி ஒவ்வொரு சோதனைக்குப் பின்னும் தரவுத்தளத்தை முன்பிருந்த நிலைக்குத் திருப்பிவிடும். இனக்குழுவின் பலகையை அது தொடாது. ஆகவே ஒரு சோதனை தனியே ஓடினால் தேறும். மற்றவற்றோடு ஓடினால் தோற்கும். அப்படி நேர்ந்தால் சோதனையின் வரிசையை மாற்றிச் சமாளிக்காதீர்கள். அது உங்களிடம் ஏதோ சொல்ல வருகிறது. இந்த வழுவுக்கு உரிய சோதனை எளியது: இரண்டு பயனர்களை ஒன்றன்பின் ஒன்றாக நுழையச் செய்து, இரண்டாமவரின் பக்கத்தில் முதலாமவரின் தரவு இல்லை என்று உறுதிசெய்யவேண்டும். ஒரே பயனரை வைத்துச் சோதித்துத் திருப்தியடைவது, ஒரே மாணவனிடம் கேள்வி கேட்டு வகுப்பு முழுவதும் படித்துவிட்டதாக எழுதிவைப்பதைப் போன்றது.

கண்டறியும் முறை ஒன்றையும் சொல்கிறேன். இரண்டு கோரிக்கைகளிலும் பட்டியலின் அடையாள எண்ணை அச்சிட்டு ஒப்பிடுவோர் உண்டு. அது முழு நம்பிக்கைக்கு உரியதன்று. விடுவிக்கப்பட்ட நினைவிடத்தைப் பைத்தான் மீண்டும் பயன்படுத்துவதால், இரு வேறு பட்டியல்களுக்கு ஒரே எண் அமையக்கூடும். அதைவிட, பொருளின் குறிப்பேட்டையே திறந்து பார்ப்பது மேல். 'வார்ஸ்' என்னும் உள்ளமைந்த செயற்கூறு அதனைக் காட்டும். 'மதிப்பெண்கள்' என்னும் பெயர் அதில் இல்லையென்றால், அது பொருளுக்குச் சொந்தமில்லை. திருத்தம் ஒரே வரி: வெற்றுப் பட்டியலை இனக்குழுவின் தலைப்பிலிருந்து எடுத்து, கோரிக்கையைக் கையாளும் செயற்கூற்றுக்குள் வைப்பது. அந்த ஒரு வரிக்குள்தான் ஒரு மாணவியின் அந்தரங்கம் இருந்தது.

செய்தியற்ற வழுவுக்கு இன்னொரு எடுத்துக்காட்டு, மரபுரிமை வரிசையில் நேர்வது. மரபு வழு என்று பெயரிட்டால் இலக்கணிகள் என்னை மன்னிப்பார்களாக. உள்நுழைந்தவர் மட்டுமே காணவேண்டிய பக்கத்துக்கு, 'லாகின் ரிக்வயர்டு மிக்ஸின்' என்னும் காவல் இனக்குழுவை ஜாங்கோ தருகிறது. 2015 டிசம்பரில் வந்த 1.9ஆம் பதிப்பு முதல் அது உண்டு. நம் இனக்குழுவுக்கு இரண்டு பெற்றோர்: இந்தக் காவலர் ஒருவர், பட்டியலைக் காட்டும் 'லிஸ்ட் வியூ' மற்றவர். காவலரின் பெயரை முதலில் எழுதவேண்டும். மாற்றி எழுதினால் என்ன ஆகும்? கோரிக்கையை முதலில் வாங்கும் செயற்கூறு இரு பக்க முன்னோரிடமும் உண்டு. பைத்தான் இடமிருந்து தேடி, லிஸ்ட் வியூவின் முன்னோரிடம் உள்ளதைக் கண்டு அதனையே ஓட்டும். அது வேலையை முடித்துக்கொள்ளும், அடுத்தவரை அழைக்காது. காவலர் வாசலுக்குப் பின்னால் நிற்கிறார். அனைவரும் உள்ளே போய்க்கொண்டிருக்கிறார்கள்.

பிழைச்செய்தி இல்லை. நிரலைப் பார்த்தால் காவலரின் பெயரும் இருக்கிறது. மேலோட்டமாகச் சரிபார்ப்பவர் தலையசைத்துவிடுவார். நிரலரோ எப்போதும் உள்நுழைந்த நிலையிலேயே சோதிப்பதால் அவருக்கும் தெரியாது. எந்த இனக்குழுவிடமும் அதன் முன்னோர் வரிசையைக் கேட்கலாம், பைத்தான் 2.3ஆம் பதிப்பு முதல் ஒரு திட்டமான விதிப்படியே அவ்வரிசையை அமைக்கிறது. கேட்டு வாங்கிப் படித்தால், காவலர் கடைசியில் நிற்பது கண்ணுக்குத் தெரியும். உள்நுழையாத ஓர் உலாவியில் அந்த முகவரியைத் திறந்து பார்ப்பது அதனினும் எளிய சோதனை.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாணவர் வழுவோடு வரும்போது, விசைப்பலகையைத் தொடுவதற்கு முன் மூன்று வினாக்களுக்கு விடை எழுதச் சொல்லுங்கள்: இதனை அழைத்தவர் யார், இது எப்போது உருவானது, இது யாருடையது. தமிழிலேயே முழு வாக்கியமாக எழுதட்டும். எழுவாய் இல்லாத வாக்கியத்தைத் திருப்பிக் கொடுங்கள். 'பட்டியல் தவறாக வருகிறது' என்று எழுதினால் ஏற்காதீர்கள். 'முதல் கோரிக்கையின்போது இனக்குழுவின் பட்டியலில் சேர்ந்த மதிப்பெண்களை இரண்டாம் கோரிக்கையின் பொருள் படித்தது' என்று எழுத முடிந்தால், அந்த மாணவர் வழுவைக் கண்டுபிடித்துவிட்டார். திருத்தம் தட்டச்சு வேலைதான்.

நிறைவாக வழுவமைதிக்கு வருகிறேன். இனக்குழுவின் தலைப்பில் மாறக்கூடிய ஒன்றை வைப்பது ஆபத்து என்றேன். ஆனால் ஜாங்கோவின் லிஸ்ட் வியூவில், தரவுத்தளத்திலிருந்து எடுக்கவேண்டிய பதிவுத்தொகுதியை இனக்குழுவின் தலைப்பிலேயே எழுதலாம். ஆவணங்களே அப்படி எழுதிக் காட்டுகின்றன. அந்தத் தொகுதி, ஒருமுறை எடுத்த பதிவுகளைத் தன்னுள் சேமித்து வைத்துக்கொள்ளும் இயல்புடையது. அப்படியாயின் பழைய பதிவுகளே எல்லாருக்கும் காட்டப்படவேண்டுமே? ஏன் அவ்வாறு நிகழ்வதில்லை?

சட்டகத்தின் மூலநிரல் திறந்தே இருக்கிறது. ஐயமுள்ளவர் படித்துப் பார்க்கலாம். தொகுதியை எடுத்துத் தரும் 'கெட்-கியூரிசெட்' என்னும் செயற்கூற்றில், அதனை அப்படியே தராமல், ஒவ்வொரு முறையும் புதிய படி ஒன்றை எடுத்துத் தரும் வரி இருக்கிறது. ஆபத்தை அறிந்து, காரணத்தோடு அமைத்துக்கொண்ட விலக்கு அது. அந்தச் செயற்கூற்றின் வழியாகப் போகாமல், தலைப்பில் உள்ள தொகுதியை நேரடியாகத் தொடுபவருக்கு அந்த அமைதி துணை நிற்காது; ஆவணத்திலும் அவ்வெச்சரிக்கை உண்டு. மொத்தம் சில வரிகள்தான். மாணவர்கள் இன்றிரவே திறந்து படிக்கலாம்.

வினாக்கள் இருப்பின் கேளுங்கள்.